அரைப் பேரு

பசறைப் பக்கம் எங்கள் லயத்துக் காம்பராவில், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கப் படம் இருந்தது. அம்மனின் வாகனம் என்று அப்பாயி அதற்கும் சேர்த்தே சூடம் காட்டுவார். உண்மையில் அது, தாத்தா ஸ்டவுட் போத்தலை ஊறவைத்து உரித்த லயன் லேபல். விஷயம் தெரிந்த பிறகும் அப்பாயி நிறுத்தவில்லை. "சிங்கம் என்னா பாவம் செஞ்சிச்சு?"

தாத்தா தவறணைச் சாராயத்தைத் தொடமாட்டார். நுவரெலியாச் சரக்குதான். 1881இல் தொடங்கிய கம்பெனி, லவர்ஸ் லீப் அருவித் தண்ணீர். "நம்ம மலைத் தண்ணிடா, மருந்து" என்பார். அந்த ஊரில் முதலில் பியர் காய்ச்சியவர் என்று சாமுவேல் பேக்கரைச் சொல்வார்கள். பிற்பாடு நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனாரே, அவர்தான். அவர் குடியேற வந்தபோது கூட வந்த குதிரைக்காரன் வண்டியைப் பள்ளத்தில் விட்டான். அதை மீட்க யானை அனுப்பினார்கள். அதையும் விரட்டி விரட்டியே சாகடித்தான். எல்லாம் குடி. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஊரில் பியர் காய்ச்ச ஒருவருக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.

குடிப்பது இலங்கைத் தண்ணீர் என்றாலும், கிரிக்கெட்டில் தாத்தா இந்தியா. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு என்று எழுதிய ஐந்தேகால் இலட்சம் பேரில் அவரும் ஒரு தலை. பாஸ்போட் வந்தது, தகரப் பெட்டியும் கட்டியாயிற்று. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அன்றிலிருந்து அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் மேட்ச் பார்ப்பார். பாயில் உட்காரும் சித்தப்பா இலங்கைக் கட்சி.

1996 மார்ச் 13, உலகக் கிண்ண அரையிறுதி, கல்கத்தா. பந்தயம் ஒரு போத்தல் ஸ்டவுட். கார் பெட்டரியில் ஓடும் டீவி முன்னால் பாதி லயம். முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் ஜயசூரியவும் போனார்கள். தாத்தா பெட்டியில் தாளம் போட்டார். அரவிந்த டி சில்வா அடிக்க அடிக்கத் தாளம் மெலிந்தது. இலங்கை 251. டெண்டுல்கர் இருக்கும்வரை தாத்தாவுக்குக் கவலையில்லை. 65இல் அவர் ஸ்டம்ப் ஆனதும், 98க்கு ஒன்று என்றிருந்த இந்தியா 120க்கு எட்டு. சனம் மைதானத்துக்குள் போத்தல் எறிய ஆரம்பித்தது.

தாத்தா எழுந்து டீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எல்லாம் வெறும் போத்தல். உள்ள இருந்தா எவனாச்சும் எறிவானா?"

நடுவர்களுக்கு மேலே இருந்த கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி, வெற்றி இலங்கைக்கு என்றார். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். சித்தப்பா குதித்தார்: "பெரிய தொரையே எங்களுக்குப் பேரு போட்டுட்டாரு!" தோட்டத்தில் பேரு போடுவது என்றால் ஒரு நாள் கூலியைக் கணக்கில் எழுதுவது.

மறுநாள் பொழுது சாயத் தாத்தா பதுளை டவுனிலிருந்து போத்தலோடு வந்தார். பெட்டியில் உட்கார்ந்து, தானே திறந்து, தானே குடிக்க ஆரம்பித்தார். சித்தப்பாவுக்கு உயிரே போயிற்று.

"என்னா அப்பா, அது என் போத்தல்!"

"ஐம்பது ஓவர்ல முப்பத்தி நாலுதான் போட்டான். வேல நடுவுல நின்னா தோட்டத்துல என்னா குடுப்பான்?"

"அரைப் பேரு..."

"அப்ப சரி."

லேபலில் சிங்கத்தின் இடுப்பு மட்டத்துக்கு இறங்கியதும் நிறுத்தி, மிச்சத்தைச் சித்தப்பாவிடம் நீட்டினார். லேபலை மட்டும் அப்பாயி முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். பழைய படம் சூடப் புகையில் கறுத்துவிட்டதாம்.