ஆயுள் தரும் கோப்பை

2006-ல் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் குழு, கொழுப்புத் தீனி போட்டு வளர்த்த எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளைக் கொடுத்தது. எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. அந்தப் பொருள் சிவப்பு ஒயினிலும் இருக்கிறதாம். போதாதா? கோப்பையைக் கையில் எடுக்க டாக்டர் சீட்டே கிடைத்தமாதிரி ஆயிற்று.

எலிக்குப் போன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 மில்லிகிராம். அந்தக் கணக்குப்படி மனிதன் தினமும் நூற்றுக்கணக்கான லிட்டர் குடித்தாக வேண்டும். ஆக்சிஜனேற்றம் நிச்சயம் நிற்கும், கூடவே மூச்சும்.

2008-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன், ரெஸ்வெரட்ரால் சார்ந்த மருந்துகளுக்காகச் சின்க்ளேர் பங்கு கொண்டு தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது; 2013-ல் இழுத்து மூடியது. மறு ஆண்டு வெளியான ஆய்வில், ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில் ஏறக்குறைய 800 முதியவர்களின் சிறுநீரைச் சோதித்திருந்தார்கள். ரெஸ்வெரட்ரால் தடயம் நிறைய இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ரெஸ்வெரட்ரால் மாத்திரை வியாபாரம் மட்டும் ஜோராக நடக்கிறது. சரக்கு பெரும்பாலும் திராட்சையிலிருந்து வருவதில்லை, ஜப்பானிய நாட்வீட் என்ற களையின் வேரிலிருந்து வருகிறது. பிரிட்டனில் அந்தக் களை கொல்லையில் முளைத்த வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் யோசிக்கும். வேரைச் சாறெடுத்துக் குப்பியில் அடைத்தால், கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிப் போகிறார்கள்.