டென்ஷன் பார்ட்டி: ஒன்பதாம் மெய்ப்பாட்டுக்கு ஓர் உரை

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் தமிழர் வாயில் நாள்தோறும் புழங்கும் ‘டென்ஷன் பார்ட்டி’ என்னும் தொடரை இலக்கண உலகம் இன்னும் தீண்டவில்லை. டகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் விதி. முதலாகாத எழுத்தில் தொடங்கும் உணர்ச்சி தமிழனுக்கு வராது என்று புலவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

‘டென்ஷன் ஆகாதீங்க’ என்பது தன்வினை. ‘டென்ஷன் பண்ணாதே’ என்பது பிறவினை. முன்னதை மனைவி சொன்ன மறுகணம் பின்னதைக் கணவர் சொல்வார். ‘பார்ட்டி’ ஈண்டு விருந்தன்று, ஆள். ஊருக்குக் கிளம்பும் முன், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி குளியலறை எடை மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்துப் பார்த்து, விமானப் பெட்டிக்கான 23 கிலோ வரம்புக்கு மேல் 200 கிராம் இருப்பதால் பாதாம் பாக்கெட்டை உருவி, மறுபடி ஏறி நிற்பவரே அவர்.

உணர்ச்சி உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியர் எண்ணியது எட்டு. டென்ஷன் ஒன்பதாவது, அச்சத்தின் தம்பி. அச்சம் பிறக்கும் இடம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கென்றார். நான்கும் பார்சிப்பனிக்குப் பொருந்துவதால் அவர் இங்கு வந்துபோனார் என்று துணியலாம். உரையாசிரியர்களான இளம்பூரணரும் பேராசிரியரும் இதை எங்கும் மறுக்கவில்லை. மெய்ப்பாட்டியலுக்கு நச்சினார்க்கினியர் உரை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பார்சிப்பனியின் லேக் ஹியாவாத்தா மளிகைக் கடைகள் வரை அதில் இருந்திருக்கும் என்பதே நம் வலுவான மேற்கோள். இதைவிட மெலிந்த சான்றுக்கு முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

அணங்கு: கடுகு தாளித்தால் கூரையிலிருந்து அலறும் ஸ்மோக் அலாரம்.

விலங்கு: குப்பைத் தொட்டியைக் கவிழ்க்க வரும் கருங்கரடி.

கள்வர்: வாசலில் கிடக்கும் அமேசான் பெட்டியைத் தூக்குவோர்.

இறை: இதற்கு அகல உரை வேண்டும். அரசன் முதலியோரால் வரும் அச்சம் என்பார் பழைய உரைகாரர். பார்சிப்பனியில் அரசனே வேண்டாம். விசா புல்லட்டின் போதும். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் இந்நூலில் அட்டவணை இரண்டு. இறுதி முடிவுக்கான தேதி ஒன்றில், விண்ணப்பிக்கும் தேதி மற்றொன்றில். விண்ணப்பிக்க இம்மாதம் எதைப் பார்ப்பது என்று சொல்வதோ குடியேற்றச் சேவைத் துறை. மூலம் ஒருவருடையது, உரை இன்னொருவருடையது. தமிழனுக்குப் பழகிய ஏற்பாடுதான். ஒரு நாட்டாருக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் கிரீன் கார்டுக்கான இந்தியர் வரிசை நீள்கிறது. வேலைவழி ஈபி-2 பிரிவில் இந்தியருக்கான இறுதி முடிவுத் தேதி 2025 மே முதல் செப்டம்பர் வரை 2013 ஜனவரி 1-இலேயே நின்றது. சில மாதம் தேதி பின்னோக்கியும் போகும். எதிர்காலம் இறந்தகாலமாகும் இக்கால வழுவுக்கு நன்னூலும் அமைதி சொல்லியிருக்கிறது.

பார்சிப்பனி வாசகர்கள் இக்கட்டுரைக்கு மறுப்பு அனுப்பலாம். அடுத்த புல்லட்டின் வருவதற்குள் அனுப்புபவர்கள், ஒன்பதாம் மெய்ப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்.