நீள வண்டிக்கு எந்த இஞ்சின்?

எண்பதுகளில் ராயபுரத்தில் வண்டிக்கு இஞ்சின் மாற்றுவதென்றால் இரண்டே கேள்விதான்: எவ்வளவு இழுக்கும், எவ்வளவு குடிக்கும்? அப்பா ஹார்பருக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி சப்ளை செய்துவந்தார். எங்களிடம் இருந்தது 1971-இல் பதிவான அம்பாசிடர் ஸ்டேஷன் வேகன். பின்சீட்டை மடக்கினால் வெங்காய மூட்டை கூரைவரை ஏறும். கியர் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் முன்சீட்டில் டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காருவோம்.

அதன் 1489 சிசி பெட்ரோல் இஞ்சின் ரீபோர் ஆகி ஆகி, சிலிண்டரில் இனிச் சீவ இடமில்லை என்ற நிலைக்கு வந்தது. ஆயில் குடித்தது, நீலப்புகை கக்கியது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறையில் காட்டினோம். அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பலர் எண்ணூர் அசோக் லேலண்டிலோ திருவொற்றியூர் என்ஃபீல்டிலோ வேலை பார்த்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்களிடம் தொழில் கற்றவர்கள். எங்கள் மேஸ்திரி பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி, அங்கே வந்த காற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை பிசுபிசுத்தது.

"அண்ணே, மேட்டடார் வேன் இஞ்சின் போட்டா யானை மாதிரி இழுக்கும். ஆனா முன்னாடி கனம் ஏறிடும், டார்ஷன் பார் தாங்காது. மவுண்டிங்கையும் வெட்டி ஒட்டணும். கம்பெனி டீசலே போடுங்க, கியர்பாக்ஸ்ல கை வைக்க வேணாம்."

அவர் சொன்ன கம்பெனி டீசல், இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-இல் கொண்டுவந்தது. 37 குதிரைசக்திதான். ஆனால் பெட்ரோல் இஞ்சினின் அதே குடும்பம். அதனால் பழைய நாலு கியர் பெட்டியோடு பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் சேர்ந்துகொண்டது. சரக்கோடு பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கும், ஊர்ந்துதான் ஏறும். ஆனாலும் அன்றைய டீசல் விலையில் அந்த வண்டிதான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. அப்பா எடுத்த முடிவு சரியான முடிவு.

இப்போது அந்த டீசலின் கிராங்க் உடைந்துவிட்டது. இஞ்சின் தேடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது, கேள்விதான் மாறிவிட்டது. வண்டி இனிச் சரக்கு ஏற்றப் போவதில்லை. என் மகன் இசுசு வேண்டும் என்கிறான். தொண்ணூறுகளில் அம்பாசிடரிலேயே வந்த 1.8 லிட்டர் பெட்ரோல், 75 குதிரைசக்தி, ஐந்து கியர். நல்ல இஞ்சின், சந்தேகமில்லை. ஆனால் அதன் கியர் தண்டு தரையில் நிற்கும். அதற்குத் தரைத்தகட்டை வெட்ட வேண்டும், புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் பார்க்க வேண்டும். முன்சீட்டின் நடுவிடமும் போய்விடும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதியின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டி 'விண்டேஜ்' ஆகலாம். 'விஏ' எழுத்தோடு தனி எண் கிடைக்கும். சேசிஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். மாநிலக் குழு பார்த்து முடிவு சொல்லும். பேரணிக்கும் கண்காட்சிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. எங்கள் வண்டிக்கு வயது போதும். இசுசுவைப் போட்டால் அந்தக் கதவைச் சாத்தியாயிற்று.

நான் பழைய 1489 பெட்ரோலுக்கே திரும்பப் போகிறேன். இந்த இஞ்சினுக்கு எங்கள் பக்கத்தோடு ஓர் உறவும் இருக்கிறது. 1949-இல் அசோக் மோட்டார்ஸ் இங்கே பூட்டி வெளியே விட்ட ஆஸ்டின் ஏ40 காரின் 1200 சிசி இஞ்சினிலிருந்து வளர்ந்ததுதான் இது. பிறகுதான் அந்தக் கம்பெனி லேலண்டோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. கியர் பெட்டியும் பழையதே இருக்கட்டும். முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். போடத் தெரிந்தவர் ஓட்டட்டும்.

புதுப்பேட்டையில் தேடிக்கொண்டிருக்கிறேன். பல இஞ்சின்களில் பிளாக் கீறியிருக்கிறது, சிலவற்றில் இஞ்சின் எண்ணை உளியால் செதுக்கி அழித்திருக்கிறார்கள். எண் இல்லாத பிளாக்கை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற முடியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இஞ்சினை இறக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். உங்கள் கொட்டகையில் எண்ணோடு ஒரு 1489 கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்கு இன்னும் ஒரு வண்டி காத்திருக்கிறது.