ஃபயர்வால் மாப்பிள்ளை

நம்ம மாப்பிள்ளை முன்பெல்லாம் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வந்தவர். கொரோனா வந்ததிலிருந்து நாட்றம்பள்ளி வீட்டு மாடியே அவருக்கு ஆபீஸ். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு.

இங்கே கம்பெனி என்றால் தோல் கம்பெனி, இல்லையா ஷூ கம்பெனி. டீக்கடையில், "இன்னாப்பா, எந்த செக்‌ஷன்? கட்டிங்கா, ஸ்டிச்சிங்கா?" என்பார்கள்.

"மெசேஜிங்ண்ணா."

"ஓ, வாட்ஸ்அப்பா!"

போச்சு. மாப்பிள்ளை டீயைக் கீழே வைத்துவிட்டு, 1998-இல் வந்த ஜாவா மெசேஜ் சர்வீஸ் என்ற ஜேஎம்எஸ்ஸிலிருந்து ஆரம்பிப்பார். (அதற்கு இப்போது ஜகார்த்தா மெசேஜிங் என்று பெயர். சொன்னால் பையன் இந்தோனேஷியா போகிறான் என்று பேச்சாகிவிடும், அதனால் சொல்வதில்லை.)

"ஒரு ஜாவா புரோகிராம் அனுப்புற செய்தி சர்வர்ல க்யூவுல நிக்கும்ண்ணா. வாங்குறவன் தூங்கினாலும் அப்புறமா எழுந்து வந்து வாங்கிக்குவான். ஆனா ஆக்டிவ்எம்க்யூங்கிற அந்த சர்வருக்கு 61616-ன்னு ஒரு போர்ட் வேணும். கஸ்டமர் ஃபயர்வால்ல அது மூடியிருக்கும். வெப்சைட்டுக்கான 443 மட்டும் திறந்திருக்கும். ஷூ கம்பெனி கேட்ல பையைத் துழாவுற வாட்ச்மேன் டிபன் கேரியரைத் திறக்கிறானா? அந்தக் கேரியருக்குள்ள செய்தியை வெச்சு அனுப்புறதுதான் எச்டிடிபிஎஸ்."

இதில் ஒரு தொல்லை. எச்டிடிபியில் சர்வர் தானாகக் கூப்பிடாது. "ஏதாவது வந்துச்சா, வந்துச்சா" என்று கிளையன்ட்தான் ஓயாமல் கேட்க வேண்டும். "கேட்டுக்கினே இருக்கறதுக்கா சம்பளம் தர்றான்?" என்பது அவர் அம்மாவின் சந்தேகம். எனக்கும் உண்டு.

இன்னொரு தொல்லை: பிரௌசரில் அழகாகத் திறக்கிற முகவரியையே ஜாவா சில சமயம் நம்பாது. யாரை நம்பலாம் என்கிற பட்டியலை அது சிஏசெர்ட்ஸ் என்ற தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இது தெரியும். இருந்தாலும் முதலில் நெட்வொர்க் டீமைத் திட்டுவார். அது தொழில் தர்மம். பிறகுதான் கீடூல் என்ற கருவியை எடுத்து, சேஞ்ச்இட் என்ற பாஸ்வேர்டைப் போட்டு அந்த முகவரியின் சான்றிதழைப் பட்டியலில் சேர்ப்பார். அந்தப் பாஸ்வேர்டை அவர் இதுவரை மாற்றியதில்லை.

ஒருநாள் பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மாடியிலிருந்து குரல்: "சர்ட்டிஃபிகேட்ல அவனே கையெழுத்துப் போட்டுக்கினான்! எவன் நம்புவான்? பழசும் எக்ஸ்பயர் ஆயிடுச்சு!" வாணியம்பாடியிலிருந்து வந்தவர்கள் காபியை முடிக்காமலே கிளம்பினார்கள். டிகிரி போலி என்ற செய்தி அன்று மாலைக்குள் ஆம்பூர் போய்ச் சேர்ந்தது. அதற்கு எந்தப் போர்ட்டும் தேவைப்படவில்லை.

பையன் நல்லவன், சம்பளமும் நல்ல சம்பளம். பெண் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பேசலாம். என்ன வேலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசி பஸ் போய்விடும்.