எட்டு வரை எண்ணத் தெரியாதவர்கள்

ஒழுங்கில்லாத தொழில்நுட்ப நிறுவனத்தில் தகவலுக்குப் பஞ்சம் என்பார்கள். சுத்தப் பொய். தகவல் கொட்டிக் கிடக்கும். பொறுக்கத்தான் ஆள் இருக்காது. அமெரிக்கப் பங்குச்சந்தையில் கொடிகட்டிப் பறந்த நைட் கேப்பிட்டலையே பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1-க்காகப் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏற்றியது ஏழில். எட்டாவதில், 2003-லேயே கைவிட்ட பழைய நிரல் பரணில் கிடந்த பூதம்போல விழித்துக்கொண்டது. சந்தை திறக்குமுன்பே கணினி 97 மின்னஞ்சல் அனுப்பிக் கதறியது. யாரும் சட்டை செய்யவில்லை. பதற்றத்தில், ஒழுங்காக ஓடிய ஏழிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். பூதம் எட்டானது. முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலர் போயே போச்சு.

வேகமாக ஓடுகிறவனிடம் ‘கையெழுத்து எங்கே, சாட்சி எங்கே’ என்று கேட்டால் தொழில் நடக்குமா என்பார்கள். நியாயம்தான். ஆனால் இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று அங்கே எழுதிவைத்த விதியே இல்லை. எட்டு வரை எண்ண எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு ஊழியரின் மறதி என்று கைகழுவவும் முடியாது. மறந்தது ஒருவராக இருக்கலாம். ஒன்பது வருஷம் பூதத்தைப் பரணிலேயே விட்டுவைத்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எடுக்க இன்னொரு மீட்டிங் போட வேண்டும்.