பொருள்: பள்ளிக்கரணையில் மக்கள் பங்கேற்பு தொடர்பாக

அனுப்புநர்:
சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலும், சில தெருக்களில் அதன் மேலேயும் குடியிருப்போர்.

பெறுநர்:
மக்கள் பங்கேற்புக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள். எந்தத் துறை என்று யாரும் உறுதியாகச் சொல்லாததால், சதுப்பு நிலத்தில் ஒரு கால் வைத்திருக்கும் எல்லாத் துறைகளுக்கும் நகல்.

பார்வை:
1. ஈரநில நாள் விழாவுக்கு வரச்சொல்லி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த அழைப்பு.
2. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கை நாடுகள் 1999இல் கோஸ்டா ரிக்காவில் கூடி நிறைவேற்றிய தீர்மானம் 7.8.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வை ஒன்றில் கண்ட அழைப்பு கிடைக்கப்பெற்றோம். பிப்ரவரி 2, உலக ஈரநில நாள். காலை ஆறரைக்கு வந்தால் தொப்பி, டி-ஷர்ட், கையுறை தரப்படும். ஆறே முக்காலுக்கு உறுதிமொழி. ஏழு மணியிலிருந்து நெகிழி பொறுக்கல். ஏழரைக்குச் சிறப்பு விருந்தினர் வருகை, குழுப்படம். எட்டு மணிக்குப் பொங்கல், வடை. சதுப்பு நிலப் பாதுகாப்பில் மக்களின் பங்கு எவ்வளவு என்று இத்தனை துல்லியமாக எங்களுக்கு யாரும் வரையறுத்துத் தந்ததில்லை. அரை மணி நேரம். விருந்தினர் முன்கூட்டியே வந்துவிட்டால் இன்னும் குறையும்.

கட்டாயம் வருகிறோம். சென்ற முறையும் வந்தோம். கையுறை எல்லாம் ஒரே அளவு, பெரியவர்கள் கைக்கு. பள்ளிப் பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு, சேற்றில் புதைந்த பால் கவரைப் பிடித்து இழுத்தால் கவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கையுறை கழன்று அதோடு தங்கிவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்தபோது சதுப்புக்குள் நெகிழி குறைந்ததா, கூடியதா என்பது தணிக்கைக்குரிய விஷயம். நிரம்பிய சாக்குகளை லாரியில் ஏற்றும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "இதெல்லாம் எங்க சார் போகும்?" என்று கேட்டது. "பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு" என்றார் மேற்பார்வைக்கு வந்தவர். "அந்தக் கிடங்கும் இந்தச் சதுப்புலதானே சார் இருக்கு?" என்றது பிள்ளை. அந்தப் பிள்ளையை இனி அழைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். விழாவின் நேர ஒழுங்கு கெடுகிறது.

மக்கள் பங்கேற்பை ஏதோ இனிமேல்தான் தொடங்கப்போவது போல அழைப்பு பேசுகிறது. இது வரலாற்றுப் பிழை. 1980களிலிருந்து தென்சென்னை வீடுகள் தினமும் காலையில் ஆளுக்கொரு வாளி வீதம் பங்கேற்று வந்திருக்கின்றன. அந்தப் பங்கேற்பெல்லாம் சேர்ந்துதான் பெருங்குடியில் மலையாக நின்றது. 2022 ஏப்ரல் 8ஆம் தேதியிட்டு பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் ஏறியது. அதே மாதக் கடைசியில் அந்த மலை தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது. உலக அங்கீகாரம் கிடைத்ததற்கு எங்கள் சார்பில் ஏற்றிய தீபம் என்று கோப்பில் எழுதிக்கொள்ளலாம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் முறையில் அந்த மலையைக் கரைக்கும் வேலையும் நடந்திருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் பகடியில் சேர்க்க வேண்டாம்: அது நல்ல வேலை.

அரசும் எங்களுக்குச் சளைக்கவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, பறக்கும் ரயில் வந்தது, பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலை சதுப்பை வடக்கு, தெற்கு என்று இரண்டு துண்டாக்கியது. கடலை ஆராய ஒரு மத்திய நிறுவனம், காற்றாலையை ஆராய இன்னொன்று, இரண்டுக்கும் சதுப்பில்தான் மனை. கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் அவ்வளவு தெரிந்துகொள்ள விரும்பிய நாடு, காலடியில் இருந்த நிலம் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்பார்கள். ராம்சர் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். மிச்சமெல்லாம் பங்கேற்பில் போனது.

அழைப்பில் 'உள்ளூர் மக்கள்' என்றொரு சொல் வருகிறது. அது யாரைக் குறிக்கிறது என்பதில் எங்களுக்குள்ளேயே குழப்பம். இந்தச் சதுப்பில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் எந்த மாதம் எந்தப் பக்கம் வற்றும், விரால் எந்த மடையில் ஏறும் என்று தெரிந்து வலை வீசியவர்கள் இருக்கிறார்கள். 2007இல் முதல் கட்டமாக 317 ஹெக்டேர் காப்புக்காடானபோது அவர்கள் அத்துமீறுவோர் ஆனார்கள். வேலி போட்டது தேவைதான்; அது இல்லாவிட்டால் இந்நேரம் அங்கேயும் ஒரு வணிக வளாகத்துக்குப் பூமிபூஜை முடிந்திருக்கும். ஆனால் பத்தாம் மாடியில் பால்கனி வாங்கி, சதுப்பைப் பார்த்தபடி காபி குடிக்கும் நாங்கள் 'உள்ளூர் மக்கள்' ஆகி, எருமைக்காரர் வெளியாள் ஆன கணக்குதான் புரியவில்லை. அவருக்கு டி-ஷர்ட் அளவு கேட்டு யாரும் போனதாகவும் தகவல் இல்லை.

இன்னொரு தரப்பையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அடையாறு, கூவம் கரைகளில் இருந்தால் வெள்ளத்தில் போய்விடுவீர்கள் என்று சொல்லி, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுவந்து அடுக்குமாடிகளில் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேகம் கூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளம் முகவரி விசாரித்துக்கொண்டு பெரும்பாக்கத்துக்கே வந்து சேர்ந்தது. நகரத்தின் ஆறுகளைக் காப்பாற்றத் தங்கள் வீட்டை விட்டவர்கள் இவர்கள். இதைவிடப் பெரிய மக்கள் பங்கேற்பை எந்த ஈரநில நாளிலும் நீங்கள் பார்க்க முடியாது. அழைப்பு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கும் போனதா என்று தெரிவிக்கவும்.

இனி எங்கள் விண்ணப்பத்தின் முக்கியப் பகுதி. எங்களில் சிலருக்குப் பறவை பார்க்கும் வழக்கம் உண்டு. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு விடியலில் போய், பூநாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, ஊசிவால் வாத்து எத்தனை என்று குறித்துத் தருகிறார்கள். நீளவால் இலைக்கோழியின் நீண்ட விரல்கள் மிதக்கும் இலை மேல் எடை தெரியாமல் நடப்பதையும், ஆண் பறவை தனியாளாக அடைகாப்பதையும் மணிக்கணக்கில் பார்த்து எழுதுகிறார்கள். அந்தக் குறிப்புகளை நீங்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறீர்கள். அறிக்கையில் போடுகிறீர்கள். சான்றிதழ்கூடத் தருகிறீர்கள்.

அதே ஆட்கள், அதே நோட்டுப் புத்தகத்தில், இரவில் எத்தனை கழிவுநீர் லாரி வந்தது என்று எழுதிக்கொடுத்தால் முகம் மாறுகிறது. பறவையை எண்ணலாம், லாரியை எண்ணக்கூடாது. தாழைக்கோழியின் கூட்டைப் படம் எடுக்கலாம், மழைநீர் வடிகாலுக்குள் திருட்டுத்தனமாகச் சொருகிய கழிவுநீர்க் குழாயைப் படம் எடுத்தால், "உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை?" என்று கேள்வி வருகிறது. பறவை மனு போடாது, வழக்கும் போடாது என்பதால் இந்த வேறுபாடோ என்னவோ.

ஒரு நாள் நள்ளிரவு தாண்டிய நேரம். விளக்கை அணைத்துவிட்டு ஒரு டேங்கர் சாலையோரம் ஒதுங்கியது. கிளீனர் பையன் இறங்கி, பின்பக்கம் தடித்த குழாயைக் கழற்றி வடிகால் மூடியின் இடுக்கில் செருகினான். வால்வைத் திருகிய சத்தம் எதிர்வீட்டு மாடி வரை கேட்டது. நாற்றம் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. மாடியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியை எடுத்தார். முதல் அலுவலகம், "தண்ணி எங்களோடதும்மா, லாரி எங்களோடது இல்ல" என்றது. இரண்டாவது அலுவலகம், "லாரி எங்க லைசென்ஸ்தான், எடம் எங்களோடது இல்ல" என்றது. மூன்றாவது அலுவலகம் நேர்மையானது: "எடம் எங்களோடதுதாம்மா. ஆனா இப்ப டைம் பாருங்க. காலையில பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க." பத்து மணிக்குக் கூப்பிட்டபோது, "இப்ப அங்க லாரி நிக்குதா?" என்று கேட்டார்கள். நிற்கவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளைப் புரட்டிப் பார்த்தோம். திடக்கழிவு கொட்டக்கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீர் விடக்கூடாது, சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. பொதுமக்கள் குறைகளைக் கேட்க மாநில ஈரநில ஆணையம் ஒரு குறைகேட்புக் குழு அமைக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. அந்தக் குழு எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எந்தக் கிழமையில் கூடுகிறது என்று எங்கள் தெருவில் விசாரித்துப் பார்த்தோம். பலர் அதைப் புதிய சிட்பண்ட் என்று நினைத்தார்கள்.

அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? இதுதான் பெரிய கேள்வி. ராம்சர் கணக்கு 1,248 ஹெக்டேர். காப்புக்காடு 700 ஹெக்டேர் அளவில்தான். இடைப்பட்ட நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பைப் பாதிக்கும் சுற்றுப்பகுதியான செல்வாக்கு மண்டலம் எதுவரை என்று முடிவாகும்வரை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தர வேண்டாம் என்று உத்தரவிட்டது. உடனே மனை வாங்கியவர்கள் எல்லாரும் நாடாவோடு கிளம்பினார்கள். நாடாவின் ஒரு முனையைத் தங்கள் வாசலில் வைத்தார்கள். மறுமுனையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாலையில் நின்றார்கள். உலகமே அறிந்த ஒரு சதுப்பு நிலத்துக்கு, அதன் பக்கத்து வீட்டுக்காரர் தொட்டுப் பார்க்கும்படி ஓர் எல்லை இல்லை.

தண்ணீருக்கு மட்டும் அந்தக் குழப்பம் கிடையாது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் மழை ஏரி ஏரியாக இறங்கி இங்கே வருகிறது. கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரம், நாராயணபுரம் நிரம்பினால் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். இந்த வரிசையில் எந்தக் கல்வெர்ட் ஆகாயத்தாமரையால் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கால்வாயைக் குறுக்கியிருக்கிறார்கள், எந்தத் தெருவில் முதலில் முழங்கால் அளவு ஏறும் என்று எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்குத் தெரியும். மழைக்கு முந்தைய ஆய்வுக்கு வரும் அதிகாரிகளின் வண்டிகள் அவர் கடையைத் தாண்டித்தான் போகின்றன. இதுவரை யாரும் வண்டியை நிறுத்தி அவரிடம் கேட்டதில்லை. சட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னால் அது மிகை, சட்டையும் கொடுக்கவில்லை.

பார்வை இரண்டில் கண்ட தீர்மானம் இதைத்தான் சொல்கிறது. உள்ளூர் மக்களைத் திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவெடுக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள், கண்காணிக்கும்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. இந்தியா 1982இலேயே உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. தீர்மானத்தை நாங்கள் பலமுறை படித்துப் பார்த்தோம். கையுறை பற்றியும் வடை பற்றியும் அதில் ஒரு வரியும் இல்லை. வடையை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. போன முறை மெதுவடை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஆகவே ஐயா / அம்மையீர், சதுப்பு நிலத்துக்கான மேலாண்மைத் திட்டம் எதுவானாலும் அதைத் தமிழில் அச்சிட்டு வார்டு அலுவலகத்தில் வையுங்கள். அதைப் பற்றிப் பேசக் கூட்டும் கூட்டத்தில் எருமைக்காரருக்கும், பெரும்பாக்கத்து அம்மாக்களுக்கும், இஸ்திரிக்காரருக்கும் நாற்காலி போடுங்கள். எங்களுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நின்றுகொள்கிறோம். இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும் ஒரே ஒரு தொலைபேசி எண்ணை, எல்லாத் துறைக்கும் பொதுவாக, வேலி நெடுகப் பலகையில் எழுதுங்கள். லாரிக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்துக்கும் பறவைக் கணக்குக்குத் தரும் மரியாதையைத் தாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், 1,248 ஹெக்டேரையும் சுற்றி எல்லைக்கல் நடும் நாளை எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். ஆள் பற்றாக்குறை என்று அந்தக் கோப்பைத் தள்ளிவைக்க வேண்டாம். கடப்பாரையும் மண்வெட்டியும் நாங்களே கொண்டுவந்து குழி தோண்டித் தருகிறோம். எங்கள் வீட்டு வாசலுக்கு உட்பக்கம் கல் விழுந்தாலும் தோண்டுவோம்.

இப்படிக்கு,
தங்கள் பங்கேற்பை எதிர்பார்க்கும் பொதுமக்கள்