ரா பைல்காரர்

சொந்தத்தில் யாரிடமும் நல்ல கேமரா இல்லாத வரைக்கும் விசேஷம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் ஆல்பம் வீட்டுக்கு வந்துவிடும். ஒருவர் வாங்கிவிட்டாரோ, போச்சு. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குப் படமே கிடையாது. எடுக்காமல் இல்லை, நூற்றுக்கணக்கில் எடுத்திருப்பார். எல்லாம் லாக்கரில் வைத்த பாட்டியின் ஒட்டியாணம் போல அவருடைய ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். கேட்டால், "எல்லாம் ரா பைல்ப்பா, எடிட் பண்ணணும்" என்பார். அறுபதாம் கல்யாணத்துப் படங்களை எப்படியும் எண்பதாம் கல்யாணத்துக்குள் தந்துவிடுவார் என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கேமராவுக்கு மழை உறை வைத்திருப்பார். தனக்குக் குடை இருக்காது. வெளிச்சம் சரியில்லை என்றால் மற்றவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், ஆளை இரண்டடி நகர்த்தி நிறுத்துவார்கள். இவர் அசைய மாட்டார். முகம் மஞ்சளாகத் தெரிகிறதா? அப்புறம் பார்த்துக்கலாம். கண்ணில் நிழல் விழுகிறதா? அப்புறம். பெண்ணுக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு ஒருவர் நிற்கிறாரா? "விடுங்க, எடிட்ல தூக்கிடலாம்."

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜேபெக்காக எடுத்தால் ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் கேமராவே அந்த நொடியில் முடிவு செய்து, வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் மிஞ்சும். எதையும் முடிவு செய்யாமல் கண்டதை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா பைலில் 16,384. நம் கல்யாண மண்டபத்துக்குள் கேமராவோடு நுழைந்தவருக்குத்தான் இந்தக் கணக்கின் அருமை தெரியும். வாசலில் வெயில், விதானத்தில் மஞ்சள் பல்பு, மேடைக்கு ஊதா எல்இடி, இது போதாதென்று முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்கு. மாப்பிள்ளையின் வேட்டி வெளுத்துப் போகவும் கூடாது, மீசை கரிக்கோடாகவும் கூடாது. அங்கே ரா பைல் மானத்தைக் காப்பாற்றும். ஆனால் இவர் மத்தியான வெயிலில் பிள்ளையார் கோயில் வாசலில் பேரனை நிறுத்தி எடுக்கும்போதும் ராதான்.

இவருடைய ஜென்ம விரோதி ஜேபெக்காரர். கையில் பூஜிபில்ம் கேமரா இருக்கும். புரோவியா, அஸ்டியா, கிளாசிக் குரோம் என்று பழைய பிலிம் காலத்து வாசனையோடு நிறத் தேர்வுகள் அதிலேயே உண்டு. முகத்துக்கு அஸ்டியா, மலைக்கும் மரத்துக்கும் வெல்வியா என்று எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவார். எடுத்தபின் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. ஊட்டித் தேயிலைத் தோட்டத்தில் வைத்த வெல்வியாவை மாற்ற மறந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிடுவார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கோபத்தில் இருப்பது போல முகம் சிவந்து விழுவார்கள். "சீர் பேசுன நேரத்துல எடுத்தது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாங்க" என்று அதற்கும் நியாயம் சொல்வார்.

ஜேபெக்காரரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. 2015-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் ஃப்ரீலான்ஸ் படக்காரர்களிடம், ரா பைலிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பாதீர்கள், கேமரா எடுத்த ஜேபெக்கே போதும் என்று சொன்னது. வேகமும் நம்பகமும்தான் காரணம். இதை எடுத்து வீசினால் ரா பைல்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது செய்தி, இது கலை" என்பார். அத்தோடு காப்பி வந்துவிடும்.

இவர் கலையின் முழு அழகையும் ஒரு வளைகாப்பில் பார்க்கலாம். பாட்டில் பச்சைப் பட்டு, கன்னத்தில் சந்தனம், முழங்கை வரை கண்ணாடி வளையல் என்று மச்சினி மணையில் உட்கார்ந்திருக்கிறாள். கிளிக். கேமராவின் முதுகுத் திரையில் படம் தெரிகிறது. எட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பரா இருக்கு அத்தான்! இப்பவே வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன்."

"இது வெறும் ப்ரிவியூம்மா. இதைப் பார்த்து ஏமாந்துடாத. நிஜப் படம் உள்ள இருக்கு."

அவள் பார்த்தது ரா பைலுக்குள் கேமராவே ஒட்டிவைக்கும் சின்ன ஜேபெக். போர்ட்ரெய்ட் என்ற செட்டிங்கில் கேமரா இருந்ததால் தோல் நிறம் பாந்தமாக வந்திருந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து லைட்ரூமில் திறக்கிறார். முதலில் அதே அழகான முகம் வருகிறது. இரண்டு நொடியில் மென்பொருள் தன்னுடைய கணக்கில் நிறத்தைப் போட, சந்தனம் வெளிறி, பட்டு மங்கி, மச்சினி ஜுரத்தில் விழுந்தவள் போல ஆகிவிடுகிறாள். மணி பதினொன்று. இனி விடிய விடிய அவர் செய்யப்போவது ஒரே வேலை: மத்தியானம் அவள் பார்த்துச் சந்தோஷப்பட்ட படத்தைத் திரும்பக் கொண்டுவருவது.

பாதி ராத்திரியில் மாமியாரின் வேண்டுகோள் ஞாபகம் வரும்: "கொஞ்சம் கலரா காட்டுங்க மாப்ளே." நம் மாநிறம் மென்பொருளுக்கு ஆரஞ்சுக் கணக்கு. ஆரஞ்சுக்கான லூமினன்ஸ் ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளத் தள்ள மச்சினி வெளுப்பாள். கூடவே தாம்பாளத்து ஜாங்கிரியும் வெளுக்கும், தேக்குக் கதவும் வெளுக்கும். ஜாங்கிரியைக் காப்பாற்ற மாஸ்க் போடுவார். மாஸ்க்கின் ஓரம் காதோரம் தெரியும். அதைச் சரிசெய்வதற்குள் பால்காரர் மணியடிப்பார். வேலை முடியாததால் "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் புதுசு" என்று சேமித்துவிட்டுப் படுப்பார். மச்சினியோ அன்றே அக்கா பையன் செல்போனில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டு, நூறு பேர் பார்த்து, பாதிப் பேர் இதயம் அனுப்பி, விஷயம் முடிந்திருக்கும்.

அவருடைய வியாதி கேமராவில் இல்லை. என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவாகாமல் வீடு பிரைமரோடு மூன்று வருஷமாக நிற்கிறது. ஓட்டலில் சர்வர் இரண்டு தடவை வந்து போனபிறகும் மெனு கையில்தான் இருக்கும். ரா பைல் அவருக்குச் செய்யும் பெரிய உபகாரம், எதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டாம் என்று விஞ்ஞானபூர்வமாகச் சொல்வதுதான். ராவையும் ஜேபெக்கையும் சேர்த்தே எடுக்க கேமராவில் வசதி இருக்கிறதே என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். எடுத்தார். இப்போது எதை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. தன்னைத் தானே எடுத்துக்கொள்ள முடியாமல் தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனார். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூல். ஸ்டுடியோக்காரர் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார்.

"ராவுலதானே எடுக்கறீங்க?"

"காது ரெண்டும் தெரியணும்ணே. வேற எதுவும் கேக்க மாட்டாங்க. மூச்ச இழுத்துப் புடிங்க."

ஒரே கிளிக். பத்து நிமிஷத்தில் எட்டுப் படம், ஓரம் வெட்டி, கவரில் போட்டுக் கைக்கு வந்துவிட்டது. அன்று ராத்திரி அதையே வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டார். மச்சினியிடமிருந்து உடனே செய்தி: "அத்தான், யார் எடுத்தது? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க!"

"இன்னும் கொஞ்சம் ஷேடோஸ் தூக்கியிருக்கலாம்" என்று பதில் போட்டார்.